கோழிப்பண்ணையில் பாக்டீரியா நோய் எப்படிப் பரவுகிறது, எங்கே தடுக்கலாம்: முழு வழிகாட்டி

நோய் எதுவும் இல்லாமல் நன்றாகத் தின்று திரிகிற கோழியின் எச்சத்திலேயே கிராமுக்குப் பத்து லட்சம் ஈ. கோலை பாக்டீரியா இருப்பது சாதாரணம். அந்த எச்சம் தரையில் பரப்பிய கூளத்தில் விழுந்து காய்ந்து தூசியாகிறது. நாள் முழுக்க அதே கோழி அந்தத் தூசியைத்தான் மூச்சில் இழுக்கிறது. ஆனாலும் பெரும்பாலான நாட்களில் ஒன்றும் ஆவதில்லை. பிறகு ஒரு நாள் ஏழெட்டுக் கோழிகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஓரமாக நிற்கும். செத்ததை அறுத்துப் பார்த்தால் இதயத்தையும் ஈரலையும் மூடி மஞ்சள் கலந்த வெள்ளைப் படலம் இருக்கும். கிருமி அன்றைக்குத்தான் வந்ததா என்றால், பெரும்பாலும் இல்லை. பத்து நாளாகக் கூளம் நனைந்து கிடந்திருக்கும், அமோனியா ஏறியிருக்கும், தண்ணீர்க் குழாய்க்குள் வழுவழுப்பு படிந்திருக்கும்.

ஆக, நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. கோழிக்குள் எவ்வளவு கிருமி போகிறது? அதைத் தடுக்கிற உடம்பு எந்த நிலையில் இருக்கிறது? இரண்டையும் தீர்மானிப்பது பண்ணையில் தினமும் நடக்கிற வேலை. ஒரு பேட்ச் தொடங்கும் முன்பிருந்து கடைசிக் கோழி வண்டி ஏறும் வரை, வேலை நடக்கும் வரிசையிலேயே போவோம்.

எந்தக் கிருமி எந்த வழியில் வரும்

கிருமி கோழிக்கு வெளியே எத்தனை நாள் தாங்கும், எந்த வழியாக உள்ளே நுழையும் என்று தெரிந்தால் உழைப்பை எங்கே போடுவது என்பது புரியும். இது தெரியாமல் எல்லாவற்றுக்கும் ஒரே கிருமிநாசினியைத் தெளித்துக்கொண்டிருந்தால் காசுதான் கரையும்.

சால்மோனெல்லா நீண்ட ஆயுள் கொண்டது. காய்ந்த எச்சத்திலும் தூசியிலும், காலியான கொட்டகையில்கூட, ஓராண்டுக்கு மேல் உயிரோடு கிடக்கும். இந்தக் குடும்பத்தில் கோழியையே குறிவைப்பவை இரண்டு. ஒன்று இளங்குஞ்சுகளைக் கொத்தாகக் கொல்லும் புல்லோரம். மற்றது வளர்ந்த கோழியையும் விடாத கோழி டைபாய்டு. மனிதருக்கு வயிற்றுக்கடுப்பைத் தரும் என்டெரிடிடிஸ், டைபிமூரியம் வகைகள் பெரும்பாலும் கோழியில் அடையாளமே காட்டாமல் குடியிருக்கும். புல்லோரம், டைபாய்டு, என்டெரிடிடிஸ் மூன்றும் தாய்க்கோழியிலிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கு வரக்கூடியவை.

சி.ஆர்.டி. என்று சொல்லும் நாள்பட்ட சுவாச நோயைத் தரும் மைக்கோபிளாஸ்மா இதற்கு நேர் எதிர். வெளியே சில நாட்களுக்கு மேல் தாங்காது. ஆனால் மனிதனின் தலைமுடியில் 3 நாள் வரையும் மூக்கில் ஒரு நாள் வரையும் உயிரோடு இருந்ததைப் பரிசோதித்துக் காட்டியிருக்கிறார்கள். பக்கத்துப் பண்ணைக்குப் போய்விட்டு வந்து கையை மட்டும் கழுவினால் போதாது என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் வேண்டாம். இதுவும் முட்டை வழியாக வரும். முகம் வீங்கி, மூக்கு ஒழுகி, துர்நாற்றம் அடிக்கும் கொரைசா முட்டை வழியாக வராது, வெளியேயும் சீக்கிரம் செத்துவிடும். ஆனால் குணமான கோழி கிருமியைச் சுமந்துகொண்டே இருக்கும். பல வயதுக் கோழிகளை ஒரே வளாகத்தில் வைத்திருக்கும் முட்டைக்கோழிப் பண்ணைகளை விட்டு இந்த நோய் போகாமல் இருப்பது அதனால்தான்.

கோழிக் காலராவின் பாஸ்டுரெல்லா, எலி, பூனை ஆகியவற்றின் வாயில் இருக்கும். 1879, 1880-களில் லூயி பாஸ்டர் வீரியம் குறைத்த கிருமியைக் கொண்டு தடுப்பூசி செய்து காட்டியது இந்தக் கிருமியை வைத்துத்தான். குடலை அழுகவைக்கும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் வித்தாக மாறி மண்ணிலும் கூளத்திலும் கிடக்கும். சாதாரணக் கிருமிநாசினி அந்த வித்தை அசைக்காது. கடைசியாக கேம்பைலோபாக்டர். கோழிக்கு இதனால் பெரிய தொல்லை இல்லை, இறைச்சி வழியாக மனிதருக்குத்தான். காய்ந்தால் செத்துவிடும் கிருமி என்பதால் ஈரமான செருப்பு, தேங்கிய தண்ணீர், ஈ என்று ஈரத்தைத் தேடியே பயணிக்கும்.

படி 1: கொட்டகை காலியாக இருக்கும் நாட்கள்

ஒரே வயதுக் குஞ்சுகளை ஒரே நேரத்தில் விட்டு, ஒரே நேரத்தில் வெளியேற்றுவது, அதாவது எல்லாம் உள்ளே, எல்லாம் வெளியே என்ற முறை, பாக்டீரியாவுக்கு எதிரான மிக வலுவான ஆயுதம். கிருமிச் சங்கிலி அறுபடுவது அந்த இடைவெளியில்தான். கோழி கொஞ்சம் கொஞ்சமாக விற்று, மிச்சம் இருக்கும்போதே புதுக்குஞ்சை இறக்கினால், பழைய கோழியின் கிருமி புதுக்குஞ்சுக்கு மாறிவிடும். பல வயதுக் கோழி வைத்தே ஆகவேண்டிய முட்டைப் பண்ணையில், கொட்டகை கொட்டகையாகவாவது இதைக் கடைப்பிடியுங்கள். கோழி போனதிலிருந்து அடுத்த குஞ்சு வரும் வரை 14 நாளாவது விட வேண்டும். அது வெறுமனே பூட்டி வைத்த 14 நாளாக இருந்தால் பயனில்லை. சுத்தம் செய்து காயவிட்ட நாட்கள்தான் கணக்கு.

சுத்தம் செய்வதில் வரிசை முக்கியம். பலர் கூளத்தை அள்ளியதும் நேராகக் கிருமிநாசினிக்குப் போய்விடுகிறார்கள். எச்சமும் தூசியும் கொழுப்பும் ஒட்டியிருக்கும் தரையில் குளோரின் ஊற்றினால், கிருமியைத் தொடும் முன்பே அந்த அழுக்கோடு வினைபுரிந்து தீர்ந்துபோகும். குவாட்டர்னரி அமோனியம் வகைக் கிருமிநாசினியும் அழுக்கிலும் கடின நீரிலும் பலம் இழக்கும். எனவே வரிசை இப்படி இருக்கட்டும்:

1. கடைசிக் கோழி போன அன்றே, கொட்டகைச் சூடு ஆறுவதற்குள், கூளத்தில் வாழும் வண்டுக்கான மருந்தை அடியுங்கள். சூடு ஆறியதும் வண்டுகள் சுவர் இடுக்குக்கும் தெர்மாகோல் தடுப்புக்கும் ஏறிவிடும்.
2. கூளம் முழுவதையும் வெளியேற்றுங்கள். மூடிய வண்டியில், பண்ணையை விட்டுத் தள்ளி. வாசலிலேயே குவித்தால் காற்று அதைத் திருப்பிக் கொண்டுவரும்.
3. மேலிருந்து கீழாகத் தூசி தட்டுங்கள். உத்தரம், வயர், விளக்கு, மின்விசிறி இறக்கை எல்லாம்.
4. சோப்புக் கரைசல் அல்லது டிடர்ஜென்ட் தெளித்து ஊறவிட்டு, அழுத்தத் தண்ணீரில் கழுவுங்கள். கிருமியில் பெரும்பங்கு போவது இந்தக் கட்டத்தில்தான்.
5. காயவிடுங்கள். தரையில் தண்ணீர் தேங்கியிருக்கும்போது கிருமிநாசினி தெளித்தால் கரைசல் நீர்த்துப்போகும்.
6. அப்புறம் கிருமிநாசினி. குளூட்டரால்டிஹைடு கலந்த வகைகள் அழுக்கைக் கொஞ்சம் தாங்கும். டப்பாவில் எழுதியிருக்கும் அளவையும், மேற்பரப்பு ஈரமாக இருக்கவேண்டிய நேரத்தையும் குறைக்காதீர்கள்.
7. மறுபடியும் காயவிடுங்கள். அதன் பிறகே புதுக்கூளம்.

ஃபார்மலின் புகை மூட்டம் வேலை செய்யும், சரி. ஆனால் மூச்சுக்குழலை எரிக்கும், புற்றுநோய் உண்டாக்கும் பொருள். கொட்டகை இறுக மூடாமலும் காற்றில் ஈரம் இல்லாமலும் போட்டால் பலனும் பாதிதான். பக்கவாட்டில் திறந்த கொட்டகையில் ஃபார்மலின் போடுவது காற்றுக்கு மருந்து போடுவதுதான். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

மண் தரை இருந்தால் இந்த வேலையில் பாதி வீண். மேல்மண்ணைச் சுரண்டி எடுத்து, சுண்ணாம்பு பரப்பலாம், ஆனாலும் கிளாஸ்ட்ரிடியம் வித்தும், இரத்தக் கழிச்சல் நோயைத் தரும் காக்சிடியா ஒட்டுண்ணியின் முட்டைக்கூடும் அங்கேயே இருக்கும். முடிந்தபோது கான்கிரீட் போட்டுவிடுவது நல்லது.

படி 2: குஞ்சு எங்கிருந்து வருகிறது

தாய்க்கோழிப் பண்ணையில் சால்மோனெல்லாவும் மைக்கோபிளாஸ்மாவும் இருந்தால், நீங்கள் எவ்வளவு கழுவினாலும் அது குஞ்சுப் பெட்டியிலேயே வந்து இறங்கும். அமெரிக்காவில் 1935-ல் தொடங்கிய தேசியக் கோழி மேம்பாட்டுத் திட்டத்தின் முதல் இலக்கே புல்லோரம்தான். தாய்க்கோழிகளின் இரத்தத்தைச் சோதித்து, கிருமி சுமப்பவற்றை விலக்கி விலக்கியே வணிகப் பண்ணைகளிலிருந்து அதை ஒழித்தார்கள். தாய்க்கோழிகளுக்குச் சோதனை எப்போது நடந்தது, முடிவு என்ன என்று குஞ்சு விற்பவரிடம் கேட்பது உங்கள் உரிமை.

பொரிப்பகத்துக்கு முட்டை அனுப்புபவர்களுக்கு ஒரு சொல். தரையில் இட்ட முட்டை, எச்சம் ஒட்டிய முட்டை இரண்டையும் அடைக்கு வைக்காதீர்கள். கழுவினால் சரியாகிவிடும் என்று குளிர்ந்த தண்ணீரில் முக்குவது இன்னும் மோசம். முட்டை குளிரும்போது உள்ளே இருப்பது சுருங்கும். அப்போது ஓட்டின் நுண்துளை வழியாக வெளியிலிருக்கும் அழுக்கு நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். கழுவித்தான் ஆகவேண்டும் என்றால் தண்ணீர் முட்டையைவிடச் சூடாக இருக்க வேண்டும்.

குஞ்சு வந்ததும் நாலைந்து பெட்டியிலிருந்து சிலவற்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். தொப்புள் மூடியிருக்க வேண்டும். கருப்புப் பொத்தான் போல் ஒட்டியிருந்தாலோ, வயிறு ஊதி ஈரமாக நாற்றமடித்தாலோ, அது பொரிப்பகத்திலேயே நுழைந்த ஈ. கோலை. முதல் வாரச் சாவு ஒரு சதவீதத்துக்குள் இருப்பது நல்ல அளவு. மூன்றாம் நாளில் எண்ணிக்கை ஏறினால் தொப்புளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

படி 3: முதல் வாரம்

ஒரு நாள் குஞ்சின் குடல் கிட்டத்தட்டக் காலி வீடு. நல்ல பாக்டீரியா குடியேறுவதற்குள் சால்மோனெல்லா நுழைந்தால், மிகக் குறைந்த எண்ணிக்கையே போதும், இடத்தைப் பிடித்துவிடும். நுர்மி, ரன்டாலா என்ற இரண்டு ஃபின்லாந்து ஆய்வாளர்கள் 1973-ல், வளர்ந்த ஆரோக்கியமான கோழியின் குடல் நுண்ணுயிர்களைக் குஞ்சுக்குக் கொடுத்தால் சால்மோனெல்லா ஒட்ட இடமில்லாமல் போவதைக் காட்டினார்கள். இன்றைய புரோபயாட்டிக் வியாபாரத்தின் வேர் அங்கேதான். புரோபயாட்டிக் கொடுப்பதானால் முதல் நாளே கொடுங்கள். மூன்றாம் வாரத்தில் கொடுத்துவிட்டுப் பலனில்லை என்று சொல்வதில் பொருள் இல்லை.

குளிரும் பசியும் இந்த வாரத்தின் எதிரிகள். குஞ்சின் முதுகு மட்டத்தில் 32 முதல் 34 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். வெப்பமானியைவிடக் குஞ்சே நன்றாகச் சொல்லும். விளக்கடியில் குவிந்தால் குளிர், சுவரோரம் ஒதுங்கி வாய் பிளந்தால் சூடு, ஒரு பக்கமாக ஒதுங்கினால் எங்கிருந்தோ காற்று அடிக்கிறது. அடுத்த நாள் தீனிப்பையைத் தடவிப் பாருங்கள். நூறு குஞ்சில் 95-க்காவது அது நிரம்பி மெத்தென்று இருக்க வேண்டும். கல்லாக இருந்தால் தீவனம் கிடைத்தது, தண்ணீர் கிடைக்கவில்லை. பட்டினி கிடந்த குஞ்சின் மஞ்சள் கரு சரியாக உறிஞ்சப்படாது. அந்தக் கரு ஈ. கோலைக்கு நல்ல உணவு.

படி 4: தண்ணீர்

கோழி தின்பதைவிடக் குடிப்பது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அப்படியிருக்க, தீவன மூட்டையைச் சோதிக்கும் நாம் குழாய்க்குள் எட்டிப் பார்ப்பதில்லை. நிப்பிள் குழாயின் (கோழி அலகால் தொட்டால் நீர் சொட்டும் முனைகள் கொண்ட குழாய்) கடைக்கோடி மூடியைக் கழற்றி, சுத்தமான வெள்ளைத் துணியை ஒரு குச்சியில் சுற்றி உள்ளே விட்டுத் திருப்பி எடுங்கள். பழுப்பாக, பச்சையாக, சளி மாதிரி வந்தால் அதுதான் கிருமிகள் ஒட்டி வாழும் உயிர்ப்படலம். அந்தப் படலத்துக்குள் இருக்கும் கிருமியைக் குடிநீரில் கலக்கும் அளவுள்ள குளோரின் எட்டாது. வைட்டமின், எலக்ட்ரோலைட், சர்க்கரை கலந்த மருந்து என்று நாம் ஊற்றுவதெல்லாம் அந்தப் படலத்துக்கு உணவு.

எனவே இரண்டு வேலை உண்டு. கோழி இல்லாத நாட்களில் குழாயை ஹைட்ரஜன் பெராக்சைடு தயாரிப்பால் நிரப்பி, டப்பாவில் சொன்ன நேரம் ஊறவைத்து, அழுத்தத்தோடு வெளியேற்றுங்கள். கோழி இருக்கும்போது தொடர்ந்து குளோரின் போடுங்கள். ஆயிரம் லிட்டருக்கு 3 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 3 பங்கு) வேண்டுமானால் 3 கிராம் குளோரின் தேவை. 33 சதவீத பிளீச்சிங் பவுடர் என்றால் சுமார் 9 கிராம். பழைய, காற்றுப்பட்ட பவுடரில் அந்தப் பலம் இருக்காது. அளப்பது தொட்டியில் அல்ல, கடைசி நிப்பிளில். தொட்டியில் 3 இருந்து கடைசியில் பூஜ்யம் என்றால் நடுவில் குழாய் அதைத் தின்றிருக்கிறது.

பலர் தவறவிடும் இடம் நீரின் அமில-கார அளவு. பி.எச். 7-க்குக் கீழே குளோரினின் பெரும்பகுதி கிருமியைக் கொல்லும் வடிவில் இருக்கும். 8-க்குப் போனால் அது சுமார் கால் பங்காகிவிடும். உங்கள் கிணற்று நீர் 8-க்கு மேல் என்றால் பிளீச்சிங் பவுடரைக் கூட்டிப் பயனில்லை. முதலில் அங்கக அமிலம் சேர்த்துக் குறைக்க வேண்டும். அமிலத்தையும் குளோரினையும் ஒரே பாத்திரத்தில் நேரடியாகக் கலக்காதீர்கள், விஷவாயு வரும். தண்ணீரில் தடுப்பு மருந்து கொடுக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே குளோரினை நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் மருந்துக் கிருமியும் செத்துவிடும்.

கிண்ணம், மணித்தொட்டி வைத்திருப்பவர்கள் தினமும் தேய்த்துக் கழுவ வேண்டும். கொரைசா வந்த கோழி அதில்தான் மூக்கை நனைக்கிறது. நிப்பிளுக்கு மாறினால் இந்த வழி பெரும்பாலும் அடைபடும்.

படி 5: கூளமும் காற்றும்

இவை இரண்டையும் பிரிக்க முடியாது. கூளம் நனைவதற்குக் காற்றோட்டக் குறைவும் ஒழுகும் நிப்பிளும்தான் முக்கியக் காரணம். நனைந்த கூளம் காற்றைக் கெடுக்கிறது.

ஒரு கைப்பிடி கூளத்தை எடுத்து இறுக்கிப் பிடித்துத் திறந்து பாருங்கள். லேசாகச் சேர்ந்து உடனே உதிர்ந்தால் ஈரம் 20 முதல் 25 சதவீதம், அதுதான் வேண்டும். உருண்டையாக அப்படியே நின்றால் ஈரம் மிகுதி. சேரவே சேராமல் தூசி பறந்தால் மிகவும் காய்ந்துவிட்டது, அந்தத் தூசியே ஈ. கோலையை நுரையீரலோடு இணைந்த காற்றுப்பைக்குக் கொண்டுபோகும். ஒரே இடத்தில் பார்க்காதீர்கள். நிப்பிள் வரிசைக்கு அடியில், சுவரோரம், நடுவில் என்று குறைந்தது மூன்று இடம். கட்டி தட்டிய இடத்தை வெட்டி வெளியே எடுத்துவிட்டுப் புதுக்கூளம் போடுங்கள். கிளறி உள்ளே புதைத்தால் அமோனியா அன்றே இரட்டிப்பாகக் கிளம்பும். ஈரக்கூளத்தில் நிற்கும் கோழியின் அடிப்பாதம் புண்ணாகி, அந்தப் புண் வழியாக ஸ்டெஃபிலோகாக்கஸ் மூட்டுக்கு ஏறி நொண்டவைக்கும்.

அமோனியா என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். கோழியின் மூச்சுக்குழல் உட்சுவரில் நுண்மயிர்கள் அசைந்துகொண்டே இருந்து, தூசியையும் கிருமியையும் சளியோடு மேலே தள்ளிவிடும். அமோனியா 25 பி.பி.எம். அளவில் பல நாள் நின்றால் அந்த மயிர்கள் ஓய்ந்து உதிரும். அதுவரை வெளியேறிக்கொண்டிருந்த ஈ. கோலை நேராகக் காற்றுப்பைக்கு இறங்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2007-ஆம் ஆண்டுக் கறிக்கோழி நலச் சட்டம், ஒரு சதுர மீட்டருக்கு 33 கிலோவுக்கு மேல் கோழி வைக்கும் பண்ணையில் அமோனியா 20 பி.பி.எம். தாண்டக்கூடாது என்கிறது. மீட்டர் இல்லாதவர்கள் மூக்கைத்தான் நம்புகிறார்கள். ஆனால் உள்ளேயே வேலை செய்பவரின் மூக்கு பழகிப்போய் எதையும் சொல்லாது. காலையில் முதலில் கதவைத் திறக்கிற அந்த ஒரு நிமிடம்தான் உண்மையைச் சொல்லும். அதுவும் நின்றபடி அல்ல, கோழியின் தலை உயரத்துக்குக் குனிந்து முகர்ந்து பாருங்கள். கண் எரிந்தால் கோழிக்கு எப்போதோ சேதம் ஆகிவிட்டது.

சுண்ணாம்பு பற்றி: காலிக் கொட்டகைத் தரையில் போடுங்கள், நல்லது. கோழி நிற்கும் கூளத்தில் போட்டால் கூளத்தின் காரத்தன்மை ஏறி, அடைபட்டிருக்கும் அமோனியா வாயுவாக வெளியே வரும். அமிலத்தன்மை கொண்ட படிகாரம், சோடியம் பைசல்பேட் இரண்டும்தான் அமோனியாவைக் கட்டுப்படுத்தும்.

குளிர் காலத்தில் சூட்டைக் காக்கத் திரைச்சீலையை இறுக மூடிவிடுவது எல்லாப் பண்ணையிலும் நடக்கிறது. வெப்பமும் வேண்டும், காற்றும் வேண்டும். திரையை மேலிருந்து கீழாகத் திறக்கும்படி கட்டினால், குளிர்காற்று கோழி மேல் நேரே விழாமல் மேலேயே கலந்து இறங்கும். இரவில் கொஞ்சமாவது திறந்திருக்க வேண்டும்.

படி 6: ஆள் நடமாட்டம்

கிருமி பண்ணைக்குள் வரும் வண்டி பெரும்பாலும் செருப்புதான். வாசலில் கிருமிநாசினித் தொட்டி வைத்தாயிற்று என்று நிம்மதியாக இருந்துவிடுகிறோம். சேற்றுச் செருப்போடு ஒரு நொடி முக்கி எடுப்பதில் எதுவும் சாகாது. மூன்று நாள் மாற்றாத தொட்டி கிருமி வளர்ப்புக் குட்டை. அதைவிட மலிவான, பலமான ஏற்பாடு ஒன்று உண்டு. கொட்டகை வாசலுக்கு உள்ளே, முழங்கால் உயரத்தில் ஒரு பலகையைக் குறுக்கே வையுங்கள். பலகைக்கு இந்தப் பக்கம் வெளிச்செருப்பு, அந்தப் பக்கம் அந்தக் கொட்டகைக்கே உரிய பூட்ஸ். பலகை மேல் உட்கார்ந்து, வெளிச்செருப்பைக் கழற்றி, காலைத் தரையில் வைக்காமல் அந்தப் பக்கம் திருப்பி, உள்பூட்ஸ் போட வேண்டும். ஐரோப்பியப் பண்ணைகளில் கேம்பைலோபாக்டரைக் குறைக்க இதைப் பெரிதும் பயன்படுத்துகிறார்கள்.

சுற்றிவரும் வரிசை இளங்குஞ்சிலிருந்து வயதான கோழிக்கு, கடைசியாக நோய்க் கொட்டகைக்கு. திரும்பி வரக்கூடாது. வேலையாட்கள் வீட்டில் கோழி, வாத்து, புறா வளர்க்கக் கூடாது என்பதை வேலைக்குச் சேரும்போதே சொல்லி, அதற்கு ஈடாக ஏதாவது கொடுப்பது நியாயம். முட்டை அட்டை, தீவனச் சாக்கு, தடுப்பூசி போடும் குழு ஆகிய மூன்றும் பண்ணைக்குப் பண்ணை சுற்றுபவை. அட்டையைத் திருப்பி வாங்காதீர்கள், அல்லது கழுவக்கூடிய பிளாஸ்டிக் தட்டுக்கு மாறுங்கள்.

படி 7: எலி, வண்டு, செவ்வுண்ணி

எலி சால்மோனெல்லாவைச் சுமக்கிறது என்பதைவிட, அதன் குடலில் கிருமி பெருகிக்கொண்டே இருக்கிறது என்பதுதான் கவலை. கொட்டகை கழுவப்பட்டு காய்ந்த பிறகும், சுவர்ப்பொந்தில் இருந்த எலி புதுக்கூளத்தில் எச்சம் போட்டால் பழைய கிருமி திரும்பிவிடும். கொட்டகையைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்குப் புல்லே இல்லாமல் ஜல்லி போடுங்கள். எலி வெட்டவெளியைக் கடக்கத் தயங்கும். பூனை வளர்ப்பது தீர்வல்ல, பாஸ்டுரெல்லா அதன் வாயிலேயே இருக்கிறது.

கூள வண்டையும் அதன் புழுவையும் கோழி கொத்தித் தின்னும், வண்டுக்குள் சால்மோனெல்லா உயிரோடு இருக்கும். முட்டைப் பண்ணையில் செவ்வுண்ணி இரவில் வந்து இரத்தம் குடித்துவிட்டுக் கூண்டு இடுக்கில் பதுங்கும். இரத்தம் இல்லாமலே பல மாதம் தாங்கும். கோழி டைபாய்டைச் சுமந்து அடுத்த பேட்ச்சுக்குக் கொடுக்கும். கூண்டு மூட்டுகளில் சாம்பல் நிறத் தூள் தெரிந்தால் தேடிப் பாருங்கள்.

படி 8: தீவனம்

மீன் தூள், இறைச்சி எலும்புத் தூள் இரண்டும் சால்மோனெல்லா வரக்கூடிய வழிகள். குருணைத் தீவனம் செய்யும்போது படும் 80 டிகிரிக்கு மேற்பட்ட சூடு கிருமியைப் பெருமளவு கொல்லும். ஆனால் குளிரவைக்கும் இடத்திலும் கிடங்கிலும் மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். கோதுமை, பார்லி, ரை மிகுந்த தீவனம் குடலில் கொழகொழப்பாகி கிளாஸ்ட்ரிடியத்துக்கு வழிவிடும். இரத்தக் கழிச்சல் புண் வைத்த குடலிலும் அதேதான் நடக்கும். ஆகவே குடல் அழற்சி திரும்பத் திரும்ப வந்தால் இரத்தக் கழிச்சல் மருந்து வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள். பூஞ்சை நச்சு ஏறிய தானியம் நோய் எதிர்ப்பையே குறைத்துவிடும்.

படி 9: செத்தது, நோயுற்றது, எழுதி வைப்பது

செத்த கோழியைக் காலையும் மாலையும் எடுங்கள். மற்றவை அதைக் கொத்தும், கிருமி அப்படியே மாறும். மூடிய குழி, எரிப்பான், அல்லது உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடேறும் உரக்குவியல் எதுவானாலும் நாய், காகம் தொடாதபடி இருக்க வேண்டும்.

பதிவேட்டில் சாவு எண்ணிக்கை மட்டும் எழுதுவது போதாது. தண்ணீர் மீட்டரைத் தினமும் ஒரே நேரத்தில் குறியுங்கள். சாவு ஏறுவதற்கு ஓரிரு நாள் முன்பே தண்ணீர் குறையும், அல்லது தாறுமாறாக ஏறும். செத்த கோழிகளில் சிலவற்றை அறுத்துப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள். இதயம், ஈரலில் படலம் என்றால் ஈ. கோலை. ஈரல் வெண்கல நிறத்தில் பெருத்திருந்தால் டைபாய்டு. சிறுகுடல் உள்பக்கம் மொரமொரவென்று துவாலைத் துணி மாதிரி இருந்தால் கிளாஸ்ட்ரிடியம். தாடைக்குக் கீழே தொங்கும் சதை வீங்கி, நல்ல எடையுள்ள கோழி திடீரென்று செத்தால் காலரா. இவை சந்தேகம் மட்டும்தான், உறுதி ஆய்வகத்தில்.

படலத்தைப் பார்த்ததும் ஈ. கோலை என்று முடித்துவிடவும் கூடாது. அது பெரும்பாலும் இரண்டாவதாக வருவது. முன்னால் வந்தது ஐ.பி. சளி, வெள்ளைக் கழிச்சல், கும்போரோ போன்ற வைரஸ் நோயா, மைக்கோபிளாஸ்மாவா, அல்லது வெறும் அமோனியாவா என்று தேடுங்கள். அதை விட்டுவிட்டு ஈ. கோலைக்கு மட்டும் மருந்து கொடுத்தால் பத்து நாளில் மறுபடி வரும்.

படி 10: மருந்து

ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன், அப்போது செத்த கோழி சிலவற்றை ஆய்வகத்துக்கு அனுப்பி, எந்த மருந்து வேலை செய்யும் என்ற சோதனையைக் கேளுங்கள். மருந்து கொடுத்த பிறகு அனுப்பினால் கிருமி வளராது. மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே இல்லை, ஆகவே பென்சிலின் வகை எதுவும் அதைத் தொடாது. மருத்துவர் சொன்ன நாள் முழுக்கக் கொடுங்கள். எடை கூடும் என்று தினமும் சிறிது கலப்பதை விடுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்கான ஆன்டிபயாட்டிக்கை 2006 ஜனவரி 1 முதல் முழுவதுமாகத் தடை செய்தது. மனிதருக்குக் கடைசி மருந்தாக வைத்திருந்த கொலிஸ்டினை முறியடிக்கும், கிருமிக்குக் கிருமி தாவும் மரபணு 2015-ல் சீனாவில் முதலில் கால்நடையிலும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் அடையாளம் காணப்பட்டது. மருந்து நிறுத்தி, டப்பாவில் சொன்ன விலக்கு நாட்கள் முடியும் வரை முட்டையும் கோழியும் விற்கக் கூடாது.

தடுப்பூசிகள் சால்மோனெல்லா, கொரைசா, காலரா, மைக்கோபிளாஸ்மா ஆகியவற்றுக்கு உண்டு. முட்டைக்கோழி, தாய்க்கோழிக்குப் போடுவது பலன் தரும். கொரைசாவில் வகைகள் வேறுவேறு என்பதால், உங்கள் பண்ணையில் உள்ள வகை தடுப்பூசியில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

படி 11: பிடிக்கும் நாள்

கறிக்கோழியில் பாதியை முதலில் பிடித்து, மீதியை ஒரு வாரம் கழித்துப் பிடிப்பது கேம்பைலோபாக்டர் நுழையும் முக்கியமான வாசல். பிடிக்க வரும் ஆட்களும் அவர்களுடைய பெட்டிகளும் அன்றைக்கு வேறு எத்தனை பண்ணைக்குப் போய் வந்தார்களோ. அப்படிப் பிடித்தே ஆகவேண்டுமென்றால், அவர்களுக்கு உங்கள் பண்ணையின் பூட்ஸையும் உடையையும் கொடுங்கள். பெட்டிகளைக் கொட்டகைக்குள் இறக்காமல் வாசலிலேயே வைக்கச் சொல்லுங்கள்.

அறுப்புக்கு 8 முதல் 12 மணி நேரத்துக்கு முன் தீவனத்தை நிறுத்துங்கள். அதற்குக் குறைந்தால் குடல் நிறைந்திருந்து அறுக்கும்போது கிழிந்து இறைச்சியில் வழியும். அதிகமானால் பசியில் கோழி கூளத்தைக் கொத்தித் தீனிப்பையைக் கிருமியால் நிரப்பும், குடல் சுவரும் மெலிந்து எளிதில் கிழியும். தண்ணீரை மட்டும் பிடிக்கத் தொடங்கும் நிமிடம் வரை விட்டு வையுங்கள்.